ஏரிக்கரை வரைக்கும் போட்ட தண்டோரா

என்னோடு பணியாற்றி, எனக்குப் பின் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு ரேடியோக் கருவி அனுப்பியிருக்கிறான். தரையில் நின்றபடி சின்ன விமானத்தை ஓட்டுவதற்கான கருவி. விமானம் இனிமேல்தான் வாங்க வேண்டும்.

"செட்டு கையில இருக்குது சார். இதுக்கு எந்த மாதிரி பிளேன் பொருந்தும்? நீங்க யுத்த காலத்துலயே இந்த வேலை பார்த்தவராமே?" என்றார்.

பத்து நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பினேன். போகிறபோது, "இதையெல்லாம் எழுதுங்க சார், நம்ம சங்கத்து மலருக்கு ஆகும்" என்றார். எழுதியிருக்கிறேன். அவர் எதிர்பார்த்த கட்டுரை இது இல்லை. இதில் ஒரு பெண் இறக்கிறாள். அதற்கான பழி ஒருவர் மேல் விழுகிறது. அந்தப் பழி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் ஊர் கடத்தூருக்குப் பக்கம். நிலமும் கிணறும் உள்ள குடும்பம். அப்பா என்னைச் சேலத்தில் இண்டர்மீடியட் படிக்க வைத்தார். பிறகு சென்னையில் வயர்லெஸ் படித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் மூன்று வருஷம் சேலத்தில் ஒரு ரேடியோக் கடையில் பழுது பார்த்தேன். யுத்தம் வந்தது. ரேடியோ தெரிந்தவர்களைப் பட்டாளத்துக்குச் சிவிலியன் மெக்கானிக்காக எடுத்தார்கள். எங்கெங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று வீட்டில் அழுதார்கள். அனுப்பியது மொரப்பூருக்கு.

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஏழெட்டு மைலில் கல்லேரிப்பட்டி. அதற்கு மேற்கே பெரிய மேட்டுக்காடு, கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. விமானத்தைச் சுடும் பீரங்கிக்காரர்களுக்குக் குறி பழக்க அங்கே ஒரு சின்ன முகாம் போட்டிருந்தார்கள். பழகுவதற்கு ஆள் இல்லாத சிறு விமானம் வேண்டும். அதை ரேடியோவால் ஓட்ட முடியுமா என்று பார்ப்பது எங்கள் கொட்டகையின் வேலை.

கொட்டகையில் மூன்று பேர். முகாமின் தலைவர் கேப்டன் மெரிடித், ஒல்லியான வெள்ளைக்காரர். நரசிம்மலு ஆசாரி, ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், மரவேலை. நான்.

கேப்டன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீ பார்த்ததா, நினைத்ததா?" ரேடியோ எட்டும் தூரத்தைச் சோதிக்கும் முறையை அவர்தான் வகுத்தார். விமானத்தைத் தரையில் கட்டி, இன்ஜினை ஓடவிட வேண்டும். ஆசாரி பக்கத்தில் கொடியோடு உட்கார வேண்டும். நான் அனுப்பும் பெட்டியோடு ஐம்பது தப்படிக்கு ஒருமுறை நின்று பொத்தானை அழுத்த வேண்டும். வாலில் இருக்கும் சுக்கான் திரும்பினால் கொடி உயரும். இன்ஜின் ஓடாமல் செய்த சோதனையை அவர் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். இன்ஜின் அதிர்வில்தான் கம்பி விடும் என்பார். ஒருமுறை பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் இன்ஜினை நிறுத்திச் சோதித்தேன். அவர் நோட்டை மூடி என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அன்று மத்தியானம் முழுவதும் திரும்ப நடந்தேன்.

எங்களிடம் இருந்த ரேடியோ ஒன்றே ஒன்று. அதுவும் எளிய வகை. பொத்தானை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் சுக்கான் வலப்பக்கம் போகும். விட்டால் நடுவுக்கு வரும். அடுத்த முறை அழுத்தினால் இடப்பக்கம். அவ்வளவுதான். ஏற்ற இறக்க முடியாது. இன்ஜினை நிறுத்த முடியாது. பெட்ரோல் தீர்ந்ததும் விமானம் தானாகச் சறுக்கிக்கொண்டு இறங்கும். வால்வும் பேட்டரியும் சேர்ந்து நல்ல கனம்.

விமானம் இரண்டு இருந்தன. ஒன்று லாரியில் வந்தது. குட்டை இறக்கை, நல்ல வேகம், பார்க்க அசல் சண்டை விமானம் போலவே இருக்கும். மற்றொன்று கேப்டன் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து ஆசாரி செய்தது. பன்னிரண்டடி இறக்கை, மெதுவாகப் போகும், தும்பி மாதிரி மிதக்கும்.

கேப்டன் என்னைக் கூப்பிட்டார். "எந்த விமானம் நல்லது என்று கேட்கவில்லை. நம்மிடம் இருப்பது இந்த ரேடியோ. இந்த ரேடியோவுக்கு எது நல்லது? ஒரு வாரத்தில் எழுதிக் கொடு."

எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார். ரேடியோவின் எடைக்குச் சரியாக மணல் மூட்டை கட்டி இரண்டையும் பறக்கவிட்டோம். குட்டை இறக்கை மூன்று முறை எழும்பி மூன்று முறையும் மூக்கைக் குத்திக்கொண்டது. ஆசாரி உடைந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது மாமியார் வூட்டு விருந்துக்கு ஓடற மாப்பிள்ளைங்க. ரெண்டு கைல புடிச்சாலும் நிக்காது. உங்க ரேடியோவுக்கு ஒரு கைதான். நான் செஞ்ச இந்தப் பொண்ணைக் கட்டிக்கோங்க, பேசாம வருவா."

அவர் சொன்னது சரிதான். ஏற்ற இறக்கமும் சுக்கானும் இரண்டும் கையில் இருந்தால்தான் குட்டை இறக்கையை ஓட்ட முடியும். ஒரே கட்டளை உள்ள ரேடியோவுக்கு, தன்னைத் தானே சமன் செய்துகொண்டு பறக்கும் அகல இறக்கைதான் வேண்டும். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

கேப்டன் அதன் ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பினார்: "ரேடியோ நின்றுபோனால் இது எங்கே போய் விழும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. குட்டை இறக்கையில் ரேடியோ நின்றால் அரை நிமிஷத்தில் அங்கேயே தலைகுப்புற விழும். அகல இறக்கைக்கு ஓட்டுபவன் தேவையே இல்லை. பெட்ரோல் தீரும்வரை நேரே போய்க்கொண்டே இருக்கும். அதன் நல்ல குணமே அதன் ஆபத்து. போய்ச் சொன்னேன்.

"சரி. அப்படியானால் அது நேரே போகாதபடி செய்" என்றார்.

வழி எளியதுதான். சுக்கானின் பின்விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகரத் துண்டைப் பொருத்தி, அதைக் கொஞ்சம் இடப்பக்கம் மடித்தோம். ரேடியோ நின்றால் விமானம் தானாக இடப்பக்கம் வட்டமடித்தபடியே இறங்கும். வேண்டுமென்றே ரேடியோவை நிறுத்திப் பலமுறை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மேட்டுக்காட்டுக்குள்ளேயே விழுந்தது. கிழக்கே, ஊர்ப்பக்கம் இருந்த ஏரிக்கரையைத் தாண்டவில்லை. ஏரிக்கரை வரை ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது என்று கேப்டன் எல்லை போட்டார். தகரத்தின் மடிப்பின் மேல் வெள்ளைப் பெயிண்ட் பூசச் சொன்னார். யாராவது மடிப்பை மாற்றினால் பெயிண்ட் வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

ஊருக்கு எல்லையைச் சொன்னவர் முனியன். கல்லேரிப்பட்டியின் வெட்டி; மணியக்காரருக்குக் கீழே ஊர்வேலை செய்பவர், தண்டோரா போடுவதும் அவர்தான். அந்த வேலைக்காக அவர் குடும்பத்துக்கு ஒரு துண்டு மானிய நிலம் உண்டு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்று நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னைச் 'சாமி' என்றார்.

"முன்னெல்லாம் சிறுத்தை வருதுன்னு தப்பு அடிச்சேன், சனம் பயந்துச்சு. இப்பப் பொம்மை வருதுன்னு அடிக்கறேன், சிரிக்கறாங்க சாமி" என்பார்.

தை மாதம். பெரிய அதிகாரிகள் சிலர் பறப்பைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் கொட்டகை நிலைக்கும், இல்லையென்றால் கலைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு கவலை இருந்தது. மடித்த தகரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். நேரே போக வைக்க நான் வலப்பக்கம் அழுத்தி அழுத்தி விட வேண்டும். விமானம் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போகும். "இப்படிக் குடித்துவிட்டு எந்த ஜப்பான்காரன் வருவான்?" என்று பீரங்கிக்காரர்கள் கேலி செய்தார்கள். அது என்னைக் குத்தியது. தேர்ந்தெடுத்தவன் நான்.

முதல் நாள் சாயங்காலம் முனியன் வந்தார்.

"நாளைக்கு எது வரைக்குங்க சாமி?"

"ஏரிக்கரை வரைக்கும்."

"கரைக்கு அந்தாண்ட கொள்ளு புடுங்கறாங்களே. விடியக்காலமே வந்துருவாங்க. அங்கயும் ஒரு நடை போயி அடிச்சுட்டு வரட்டுங்களா?"

"அங்கெல்லாம் வராதுப்பா. அவங்க வேலையை நிறுத்தினா மணியக்காரர் கேப்டனுக்கு எழுதுவார். கரை வரைக்கும் போதும்."

"சரிங்க சாமி."

தகரத்தை நிமிர்த்தும் எண்ணம் அப்போதே எனக்கு இருந்தது. இருந்தும் அப்படிச் சொன்னேன்.

கொள்ளுச் செடியைப் பனி காய்வதற்குள் பிடுங்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டிவிடும். நாங்களும் காற்று எழும்புவதற்குள் பறக்க வேண்டும். ஒரே காரணத்துக்காக இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடந்தன. இந்த மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியாதது அல்ல.

காலையில் கொட்டகையில் தகரத்தை விரலால் நிமிர்த்தினேன். பெயிண்ட் மெல்லிய கோடாக வெடித்தது. ஆசாரி பார்த்துவிட்டார்.

"கேப்டன் கேட்டா?"

"இன்னிக்கு ஒரு தரம்தான். அப்புறம் மடிச்சிடறேன்."

"உங்க இஷ்டம். நான் மரத்தோட சரி" என்று திரும்பிக்கொண்டார்.

அன்று சுடுவதில்லை, குறி பிடிப்பது மட்டும். விமானம் எழும்பியது. இழுத்த கோடு மாதிரி போனது. வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம். அதிகாரிகளில் ஒருவர் கைதட்டினார். கேப்டன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமான இரண்டு நிமிஷம் வேறு இல்லை.

பிறகு கிழக்கே திருப்பினேன். திரும்பி வரவைக்க அழுத்தினேன். திரும்பவில்லை. மறுபடி அழுத்தினேன். பனியில் பேட்டரி தளர்ந்ததா, உள்ளே கம்பி விட்டதா, இன்றும் எனக்குத் தெரியாது. ரேடியோ நின்றது என் குற்றம் இல்லை. அதற்காகத்தானே அந்தத் தகரம்.

"ரேடியோ நின்றுவிட்டது, சார்" என்றேன்.

"நல்லதாயிற்று. இப்போது வட்டமடிக்கும், பாருங்கள்" என்று கேப்டன் விருந்தாளிகளிடம் சொன்னார். எல்லோரும் வட்டத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினார்கள்.

முகாமில் கையால் சுற்றும் சங்கு ஒன்று இருந்தது. ஊதினால் ஏரிக்கு அப்பாலும் கேட்கும். சங்கு கேட்டால் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 'இது வட்டமடிக்காது, சார்' என்று மூன்று வார்த்தை சொல்ல எனக்கு அரை நிமிஷத்துக்கு மேல் இருந்தது. நான் சொல்லவில்லை. எல்லோரையும் போல நானும் தலையைத் தூக்கி வட்டத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றேன். விமானம் கரையைத் தாண்டியதும் கேப்டனே சங்கு ஊதச் சொன்னார். கைப்பிடி சுற்றுவதற்குள் இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

சைக்கிளில் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். கொள்ளுக்காட்டில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பத்தடி தள்ளி ஒரு பெண். காளியம்மா என்று பெயர்; பிறகு தெரிந்தது. குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தவள். இன்ஜின் நின்ற விமானம் சத்தமில்லாமல் பின்னாலிருந்து வந்திருக்கிறது. அவள் கணவன் பெருமாள் காட்டின் மறுகோடியிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தான். அவளுக்கு மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது.

நான் முதலில் தொட்டது அவளை அல்ல. வாலுக்குப் போய்த் தகரத்தை இடப்பக்கம் மடித்தேன். அவள் கண் என் பக்கம்தான் இருந்தது. பார்த்தாளா என்று தெரியாது. அதன் பிறகுதான் அவளிடம் போனேன். மொரப்பூர் ரோட்டுக்கு வண்டி ஏறும் முன்பே இறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் கூடாரத்தில் விசாரணை. கேப்டனும் வெளியூர் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் சுக்கான். கேப்டன் தகரத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"பெயிண்ட் இரண்டு கோடாக வெடித்திருக்கிறது" என்றார்.

"விழுந்த அடியில், சார். சுக்கான் கொஞ்சம் வலப்பக்கம் சிக்கிக்கொண்டதால்தான் வட்டமடிக்கவில்லை."

அவர் பேனாவை எடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு இடம் விட்டார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு எழுதிக்கொண்டார். ஆசாரியைக் கூப்பிட்டார்கள். தகரத்தைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றார். பயம். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பிறகு, அந்தப் பெண் அங்கே எப்படி வந்தாள் என்ற கேள்வி. கேப்டன் என்னிடம், "எதுவரை அறிவிக்கச் சொன்னாய்?" என்று கேட்டார்.

"முன்னெச்சரிக்கையாகக் கொள்ளுக்காட்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன், சார்."

முனியனை உள்ளே அழைத்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரிகள் இருவருக்கும் தமிழ் தெரியாது. அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் நான்.

"சாமி கரை வரைக்கும்தான் அடிக்கச் சொன்னாங்க. அந்தாண்டயும் அடிக்கட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க. சொன்ன வரைக்கும் குறையில்லாம அடிச்சேனுங்க" என்றார் முனியன்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "கரை வரைக்கும்தான் அடித்ததாக ஒப்புக்கொள்கிறான்."

கேப்டன் எழுதிக்கொண்டார். முனியன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கூடாரத்துக்கு வெளியே என்னை நிறுத்தி, "நல்லபடியா எடுத்துச் சொல்லிட்டீங்களா சாமி?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"உங்க புண்ணியம்."

அந்த அறிக்கை தாலுகா ஆபீசுக்குப் போனது. முனியனை வேலையிலிருந்து நீக்கினார்கள். மானிய நிலமும் போயிற்று. கள்ளுக் குடித்துவிட்டுக் கரையிலேயே திரும்பிவிட்டான், காளியம்மாவைக் கொன்றவன் அவன்தான் என்று ஊர் பேசியது. சில மாதங்களில் முகாமைக் கலைத்தார்கள். யுத்தம் முடிந்தது. எனக்குக் கேப்டன் கொடுத்த நற்சான்றிதழ் நன்றாக இருந்தது. அதை வைத்துத்தான் அரசாங்க வயர்லெஸ் இலாகாவில் சேர்ந்தேன். அவர் உண்மையை அறிந்திருந்தாரா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நினைத்ததுதான், பார்த்ததில்லை.

நாற்பதுகளின் கடைசியில் ஒருநாள் கல்லேரிப்பட்டிக்குப் போனேன். முனியன் வீட்டு வாசலில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், சங்கு, கூடாரத்தில் நான் மாற்றிச் சொன்னது. மன்னித்துவிடுங்கள் என்றேன். முதல்முறையாக 'ங்க' போட்டுப் பேசினேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தகரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா கரை வரைக்கும்னு நீங்க சொன்னது எனக்குத் தெரியாதுங்களா? எங்காதுலதானே சொன்னீங்க. இத எங்கிட்டச் சொல்லி என்னாகுது சாமி? ஊருக்குத்தான் தெரியாது." துண்டை உதறினார். "வாங்க. சாவடியில இந்நேரம் எல்லாரும் இருப்பாங்க. பெருமாளும் இருப்பான். அவன் எம்மூஞ்சியப் பார்த்து நாலு வருசமாச்சு. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

சாவடி அங்கிருந்தே தெரிந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

"அடுத்த ரயிலும் இருக்குதுங்க."

"ஆபீசுக்குத் திரும்பணும்."

வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. கல்யாணம் ஆகி ஆறு மாதம். காரணங்கள் இவைதான். பெரிதாக வேறொன்றும் இல்லை.

"சரிங்க" என்றார் முனியன். மறுபடி உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார். நான் சாவடி வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். பதவி உயர்வு வந்தது, பாராட்டு வந்தது. கல்லேரிப்பட்டிக்கு மட்டும் போகவில்லை. முனியனும் பெருமாளும் இறந்துவிட்டதாகக் கேள்வி. அவர்கள் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்களாம். மலரின் ஒரு பிரதியை அந்த ஊருக்கு அனுப்பி வைக்கப் போகிறேன். யாராவது சாவடியில் இதை உரக்கப் படிக்க வேண்டும். முழுவதும் வேண்டாம், கீழே உள்ளது போதும்.

முனியன் அன்று குடித்திருக்கவில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட எல்லை ஏரிக்கரை. அது வரைக்கும் அவர் தண்டோரா போட்டார். கொள்ளுக்காட்டிலும் போய்ச் சொல்லட்டுமா என்று அவர்தான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான்.